தெற்கே நீண்ட நிழல்

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஊர்ப் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பத்தார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். சேந்தமங்கலத்துக்குப் பக்கம், கொல்லிமலை அடிவாரம் என்பது வரை சொல்கிறேன். பதினொன்றேகால் டிகிரி வடக்கு, எழுபத்தெட்டேகால் டிகிரி கிழக்கு. பேய்க் கதைக்கு டிகிரி எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த இரண்டு எண்களை எடுத்துவிட்டால் இதில் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை.

இன்னொன்று. பேய் என்றால் இருட்டில்தான் வரவேண்டும் என்று சட்டமா என்ன? நான் பார்த்தது பட்டப்பகலில். உச்சி வெயிலில். 1963-ஆம் வருஷம், ஏப்ரல் இருபது, சனிக்கிழமை.

என் பெயர் இசபெல்லா. சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்போது அடிவாரத்து அந்த ஊரின் பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சர். கொஞ்சம் வாயாடி. எனக்குப் பயம் என்று ஒன்று இருந்தால் அது தலைமையாசிரியை சிஸ்டர் மேல் மட்டும்தான். பேய், பிசாசு, உச்சி வேளை என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்து மானத்தை வாங்கிவிடுவேன். காளியப்பன் என்பவருடைய தோட்டத்து வீட்டில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். அவருக்கு முப்பது வயதிருக்கும். மனைவி ராசாத்திக்கு என் வயதுதான். கல்யாணமாகி இரண்டு வருஷம். வீட்டுக்காரி என்பதைவிட சிநேகிதி என்றே சொல்ல வேண்டும்.

வீட்டுக்குக் கிழக்கே பெரிய கிணறு. ஐம்பது அடி ஆழம். அந்தக் கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டதால் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். கிணற்று வேலைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உச்சி நெருங்கினால், அது சாயும் வரை கிணற்றுக்குள் ஆள் இருக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் மீறினவரும் கிடையாது. எல்லாரும் மேலே ஏறிக் கஞ்சி குடிப்பார்கள். எங்கள் மாதா கோயிலில் நடுப்பகல் மணி அடித்த பிறகுதான் திரும்ப இறங்குவார்கள். இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என்று பேதமில்லாமல் சுற்று வட்டாரத்துக்கே அந்த மணிதான் கணக்கு.

அந்த மணியில்தான் வந்தது வினை. முன்பெல்லாம் கோயில் வேலை பார்க்கும் சவரியார் கொடிமரத்தின் நிழலைப் பார்த்து மணி அடிப்பார். நிழல் நன்றாகக் குறுகித் திரும்பினால்தான் கயிற்றில் கை வைப்பார். அதற்கு மூன்று வருஷம் முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து முள் பன்னிரண்டைத் தொட்டால் மணி. ஊரும் அதை உச்சி என்று நம்பிக்கொண்டது. ஆனால் கடிகாரம் காட்டுவது எங்கள் ஊர் நேரம் அல்ல. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டும் என்று எண்பத்திரண்டரை டிகிரியில் ஒரு கோட்டை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோடு அலகாபாத் பக்கம் போகிறது. நாங்கள் அதற்கு நாலேகால் டிகிரி மேற்கே. டிகிரிக்கு நாலு நிமிஷம். ஆகவே எங்கள் தலைக்கு மேல் சூரியன் வரும்போது கடிகாரத்தில் பன்னிரண்டு பதினேழு ஆகியிருக்கும். ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருக்கலாம்.

அந்த வாரம்தான் வகுப்பில் இதைச் சொல்லியிருந்தேன். ஏப்ரல் இருபதாம் தேதி வாக்கில் சூரியன் எங்கள் ஊருக்கு நேர் மேலே நிற்கும், அந்த நிமிஷத்தில் எதற்கும் நிழல் இருக்காது, ஆழமான கிணற்றின் அடியில்கூட வெயில் விழும் என்றும் சொல்லியிருந்தேன். சொன்னதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? சனிக்கிழமை பள்ளி இல்லை. ராசாத்தியைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

கூலியாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கோயில் மணி அடித்து ஓய்ந்தது. காளியப்பன் வாயைத் துடைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். இன்னும் உச்சி ஆகவில்லை, கால் மணி நேரம் இருக்கிறது என்று சொன்னேன்.

"மணி அடிச்சாச்சுங்களே டீச்சர்," என்று சிரித்தார். "உச்சி போயிருச்சுங்க."

இறங்கிவிட்டார். ராசாத்தியும் சிரித்தாள். நானும்தான்.

கிணற்றின் மேற்குச் சுவரில் வெயில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கீழே கடப்பாரைச் சத்தம். ணங்... ணங்... ணங்... என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து. பன்னிரண்டு பதிமூன்று. ராசாத்தியின் நிழல் அவள் காலுக்குள்ளேயே சுருங்கிப் போனது. கப்பிக்கட்டையின் நிழல், குடத்தின் நிழல், எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்தன. எனக்கு ஒரே குஷி. குனிந்து கிணற்றுக்குள் பார்த்தேன்.

அடி வரை வெயில். முழங்கால் தண்ணீரில் சூரியன் அப்படியே உட்கார்ந்திருந்தது.

நடுவில் காளியப்பன். கடப்பாரையை ஓங்கினார். போட்டார்.

சத்தம் வரவில்லை.

அவர் கடப்பாரையைத் திரும்ப ஓங்கிய பிறகு வந்தது... ணங்...

எதிரொலி என்று நினைத்தேன். ஆனால் அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்தது இன்னும் தாமதம்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். உலகத்தில் எதற்கும் நிழல் இல்லாத அந்த நிமிஷத்தில், அவருக்கு மட்டும் நிழல் இருந்தது. காலடியிலிருந்து தெற்குச் சுவரை நோக்கி ஒரு சாண் நீளம். குட்டையாக, கறுப்பாக. அதன் இரண்டு கக்கத்திலும் ஏதோ செருகின மாதிரி தடித்திருந்தது.

கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தேன்.

அவர் அண்ணாந்து எங்களைப் பார்த்தார். முகம் நன்றாகத்தான் இருந்தது. சிரித்தமாதிரிகூட இருந்தது.

பன்னிரண்டு பதினெட்டுக்கு வெயில் கிழக்குச் சுவருக்கு நகர்ந்தது. அடி இருண்டது. கடப்பாரைச் சத்தம் பழையபடி கேட்டது. மாலையில் அவர் மேலே வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தார். கண் கூசியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ராசாத்தியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பத்து நாள் போயிருக்கும். மதியம் களத்தில் மூவரும் நின்று சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். என் நிழல் காலோடு ஒட்டிக் கிடந்தது, நாலைந்து விரல் இருக்கும். ராசாத்தியுடையதும் அவ்வளவுதான். காளியப்பனுடையது தெற்கே ஒரு முழம்.

நான் பார்த்ததை ராசாத்தியும் பார்த்துவிட்டாள். அவள் கையிலிருந்த முறம் நின்றுபோனது.

அன்று இரவு அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். நிழல் பொய் சொல்லாது என்பது பூகோளத்தில் முதல் பாடம். உச்சி வேளையில் ஒரு மனிதன் நிழல் எவ்வளவு நீளமோ, சூரியன் நேர் மேலே நிற்கும் இடத்திலிருந்து, நிழல் விழுகிற திசையில், அவன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறான். கப்பலில் போகிறவர்கள் இப்படித்தான் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கிறார்கள். அவருடைய உயரமும் தெரியும், நிழலும் தெரியும். கணக்குப் போட்டேன். ஒரு தடவை அல்ல, நாலு தடவை. பள்ளி அட்லாஸை விரித்து விரலை வைத்தேன்.

விரல் கன்னியாகுமரிக்கும் கீழே, கடலில் நின்றது.

பக்கத்து அறையில் அவர் குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது.

ராசாத்தி அட்லாஸையே பார்த்தாள். அவள் நாலாவது வரை படித்தவள். மேலே வடக்கு, கீழே தெற்கு என்பது தெரியும்.

"தெக்கயா போறாரு?" என்றாள்.

அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தெற்கே யார் இருக்கிறார்கள், யாரைத் தெற்கே தலை வைத்துப் படுக்க வைப்பார்கள் என்பதெல்லாம் அவள் பூகோளம். என்னுடையதைவிடப் பழையது.

லீவுக்குச் சேலம் போயிருக்க வேண்டியவள், போகவில்லை. தினமும் உச்சியில் அவரைக் களத்தில் நிற்க வைத்து அளந்தேன். நாளுக்கு ஏறக்குறைய எண்பத்தைந்து மைல் போய்க்கொண்டிருந்தார். எந்த மனிதனும் நடக்கிற வேகம் இல்லை அது. நிழல் மிகக் குறுகும் நேரத்தையும் பார்த்தேன். எங்களுக்கு எப்போதோ அப்போதேதான் அவருக்கும். அப்படியென்றால் கிழக்கும் போகவில்லை, மேற்கும் போகவில்லை. எங்கள் வீட்டு வாசலிலிருந்து நேராகத் தெற்கே, கோடு போட்ட மாதிரி.

சும்மா இருந்துவிடவில்லை. ராசாத்தி மாரியம்மன் கோயிலுக்குப் போனாள், பூசாரியை வரவழைத்தாள். நான் எங்கள் மாதா கோயில் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்கச் சொன்னேன். காளியப்பனின் அண்ணன் மாரியப்பன் வந்து பஸ்ஸில் சேலம் பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் ரத்தம் குறைவு என்று டானிக் எழுதினார். ஆஸ்பத்திரி வாசலில் பன்னிரண்டேகாலுக்கு அளந்தேன். உடம்பு முப்பது மைல் வடக்கே வந்திருந்தது. நிழல் வரவில்லை.

கத்திரி வெயில் கொளுத்தியது. அவர் கம்பளி கேட்டார்.

சட்டையைத் துவைக்கப் போட்டால் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வியர்வை என்று சொல்லலாம். அவருக்கு வியர்க்கவே இல்லை.

கூப்பிட்டால் பதில் வர நேரமாயிற்று. முதலில் ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கும் நேரம். காதில் விழாமல் இல்லை, சரியான பதில்தான். ஆனால் ராசாத்தி கேட்டுவிட்டு, அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த பிறகு வரும். அவர் வாய் அசையும்போது நாங்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்போம். தனக்கு என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு நாள், "தூரமா இருக்குதுங்க டீச்சர்," என்றார். எது என்று கேட்டேன். அதற்குப் பதில் வரும்போது நான் அழுதுகொண்டு வெளியே போய்விட்டேன்.

ஒவ்வொரு மதியமும் ராசாத்தி கேட்பாள்.

"இன்னைக்கு எங்கீங்க டீச்சர் இருக்காரு?"

என்ன சொல்வேன்? அட்லாஸில் அந்தக் கோட்டில் ஊர் கிடையாது. வெறும் நீலம். இங்கே, என்று நீலத்தில் விரலை வைப்பேன். மறுநாள் விரலைக் கொஞ்சம் கீழே வைப்பேன். இருக்கும் இடம் டிகிரி சுத்தமாகத் தெரிகிறது. போய்ப் பிடித்து இழுத்துவரத் தெரியவில்லை. என் படிப்பு மேல் எனக்கு வந்த வெறுப்பு அப்போது வந்ததுதான்.

மே கடைசியில் விரலுக்கடியில் ஒரு புள்ளி வந்தது. ஈ எச்சம் அளவு. ஒரு தீவு.

ராசாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே ஆள் அம்பு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். தண்ணீராவது இருக்குமா என்றாள். தெரியவில்லை என்றேன்.

"தரை இருக்குதல்லங்க. நின்னுக்குவாரு," என்றாள்.

மறுநாள் அளந்தேன். நிழல் நீளவில்லை. எங்களால் நம்ப முடியவில்லை. அதற்கு அடுத்த நாளும் நீளவில்லை. அவர் கூப்பிட்டதற்குக் கொஞ்சம் சீக்கிரம் பதில் சொன்னார். அன்று ராசாத்தி அரிசிச் சோறு வடித்து, அவருக்குப் பிடித்த கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். நான் மாதாவுக்கு ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொன்னேன். அந்தத் துளித் தரையில் அவர் எதையோ பற்றிக்கொண்டு நிற்பதாக இரண்டு பேரும் மனதில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் நிழல் நீண்டிருந்தது.

ராசாத்தி அழவில்லை. அட்லாஸை மூடி என்னிடம் கொடுத்தாள்.

"தெக்க போறவிங்க திரும்பிப் பாக்க மாட்டாங்களாமுங்க," என்றாள். "பாத்தாத்தான் வேதனை. அது இல்லையல்லங்க, அது வரைக்கும் நல்லது."

அந்த ஒன்றைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் பிறந்ததும் நிழல் களத்துக்குள் அடங்கவில்லை. உச்சி வெயிலில், எங்கள் நிழல் ஒரு முழத்துக்கும் குறைவாக இருக்கும்போது, அவருடையது களத்தைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, வேலியில் ஏறிப் படர்ந்தது. கூலியாட்கள் வருவதை நிறுத்தினார்கள். தோட்டத்துப் பக்கம் ஆடு மேய்க்கவும் ஒருவரும் வரவில்லை.

அவர் கட்டிலைவிட்டு இறங்குவதே இல்லை. உச்சியில் மட்டும் நானும் ராசாத்தியும் தூக்கிக்கொண்டு போவோம். ஆள் லேசாக இருந்தார்.

அவர் மூச்சு விட்டால் புகை வந்தது. மார்கழி அதிகாலையில் வருமே, அந்தப் புகை.

பதில் வர ஒரு வேளைச் சோறு உண்ணும் நேரம் ஆனது.

ஜூன் இருபத்தொன்று. வெள்ளிக்கிழமை.

காலை பதினொன்றே முக்காலுக்கு ராசாத்தி அவர் காதருகே குனிந்தாள்.

"கஞ்சி குடிக்கறீங்களா மாமா?"

கண் திறந்திருந்தது. காத்திருக்காமல் இருவரும் தூக்கிக் களத்துக்குக் கொண்டு போனோம். மாரியப்பனும் வந்திருந்தார். அவர் பின்னாலிருந்து தாங்கி நிறுத்தினார்.

பன்னிரண்டு மணி அடித்தது. இன்னும் நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு பதினைந்து. நிழல் வேலியைத் தாண்டி, அடுத்த காட்டைத் தாண்டி, கண்ணுக்கு எட்டும் வரை. மெல்லிசாக. சாம்பல் நிறமாக.

பன்னிரண்டு பதினேழு...

என் நிழல் இருந்தது. ராசாத்தியின் நிழல் இருந்தது. மாரியப்பனின் நிழல் இருந்தது.

அவருக்கு இல்லை.

தென் துருவத்துப் பக்கம் ஆனி மாதத்தில் சூரியன் உதிப்பதில்லை. இதையும் நான்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கட்டிலில் கிடத்தினோம். நாடி இல்லை. ராசாத்தி என் முகத்தைப் பார்த்தாள், இன்றைக்கு எங்கே என்று கேட்கவில்லை. மாரியப்பன் கண்களை மூடி, தலைமாட்டில் விளக்கேற்றினார். உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் வந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி தொடங்கினார்கள். அப்போது பன்னிரண்டே முக்கால்.

கட்டிலில் இருந்து புகை எழுந்தது.

ஒரு மூச்சு அளவு. வாயிலிருந்து.

ஒப்பாரி நின்றது.

கண் மூடியபடி, அவருடைய குரல்...

"சூடா இருந்தாக் குடு புள்ள."

ராசாத்தி ஓடினாள். கஞ்சி கொண்டு வந்தாள். வாயருகே வைத்தாள். மாமா, மாமா என்று கூப்பிட்டாள். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். சாயங்காலம் வரைக்கும் அந்தக் கிண்ணத்தை அவள் கீழே வைக்கவில்லை. நாங்கள் யாரும் வாங்கவும் துணியவில்லை.

அதற்குப் பிறகு பதில் வரவில்லை.

நான் அந்த வருஷமே மாற்றல் வாங்கிக்கொண்டு சேலம் வந்துவிட்டேன். கிணற்றை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ராசாத்தி மறுகல்யாணம் செய்யவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை வருவாள். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில், அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார், அந்த மட்டும் நல்லது என்று முடிப்பாள். ஆமாம் என்பேன்.

ஆறு வருஷம் கழித்து நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் மாரியப்பனைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது, உங்களுக்கு மட்டும்தான் சொல்ல முடியும் என்றார். அன்று தம்பியைக் குளிப்பாட்டியது அவர்தான். காலைக் கழுவும்போது பார்த்திருக்கிறார். பெண்கள் கண்ணில் படாமல் உடனே வேட்டியைக் கிழித்துச் சுற்றிவிட்டாராம்.

"இருபது நாளாக் கட்டலை உட்டு எறங்காத ஆளுங்க," என்றார். "குதிகால் ரெண்டும் தேஞ்சு எலும்பு தெரிஞ்சுதுங்க. பாதம், வெரலெல்லாம் பூ மாதிரி இருக்குது. நடந்து தேஞ்ச காலுன்னா பாதம் பூராவுமல்லங்க தேயோணும்?"

ஆமாம் என்று மட்டும் சொன்னேன். பஸ் வந்துவிட்டது, ஏறி உட்கார்ந்தேன்.

கிணற்றடியில் பார்த்த அந்த நிழல்... கக்கத்தில் இரண்டு பக்கமும் தடித்திருந்தது... அது என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கக்கத்தில் கை கொடுத்துப் பின்னாலிருந்து இழுத்தால் தரையில் உரசுவது குதிகால் மட்டும்தான். இழுபடுகிறவனுக்கு முதுகு தெற்கே.

முகம் எங்கள் பக்கம்.

அத்தனை கடலும் முடியும் வரை.

இந்த வருஷமும் ராசாத்தி வந்திருந்தாள். வழக்கம்போல அதையே சொன்னாள். நானும் வழக்கம்போல ஆமாம் என்றேன்.